ராக்கெட்டு நாடகம்

விளக்குப் பக்கத்தில் நெல் நிரப்பி வைத்திருந்த நிறைநாழியில் போனை எப்படிச் சாய்த்து வைத்தாலும் சரிந்து சரிந்து விழுந்தது. துர்காதேவி கடைசியில் நெல்லைக் கையால் குழித்து, போனை அதற்குள் நட்டு நிறுத்தினாள். ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்த வீரணனின் தலைமாட்டில், ஒரு முழம் தள்ளி, குவைத்திலிருந்து மாரிக்கனியின் முகம் வந்து நின்றது. விடிய விடிய அழுது வீங்கிப்போன முகம். அண்ணனைப் பார்த்ததும் அது இன்னும் கோணிக்கொண்டது.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டின பொண்டாட்டி கால்மாட்டில், கடல் கடந்து கிடக்கும் தங்கச்சி தலைமாட்டில். நல்ல நியாயம்தான் என்று நினைத்தாள்.

"அத எதுக்கு அங்கன வைக்கிற? வெளக்குச் சூடு பட்டு வெடிக்கப் போகுது."

"வெடிக்காதும்மா. அத்தை மொகத்தப் பாக்கணும்னு கேக்குறாக" என்றாள் துர்காதேவி.

"எல்லாருந்தான் பாக்கணும்."

இழவு வீட்டில் அம்மாவோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று மகள் எழுந்து போய்விட்டாள். மகன் அருண்பாண்டியனை அப்போதுதான் நாவிதர் மொட்டையடிக்க வாசலில் உட்கார்த்தி வைத்திருந்தார்.

மாரிக்கனி வர முடியாமல் போனது அவள் குற்றமில்லை. குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை, டிக்கெட் சனிக்கிழமைக்குத்தான் கிடைத்தது. வீரணனின் சித்தப்பா உக்கிரபாண்டி காலையிலேயே முடிவாகச் சொல்லிவிட்டார். அந்த ஊரில் நல்லது கெட்டதுக்கு முறை சொல்கிறவர் அவர்தான். "சனிப்பொணம் தனிப்போகாதும்பாக. இன்னைக்கு வெள்ளி. பொழுது விழறதுக்குள்ள எடுத்துரணும். வாரவுக வரட்டும், வர முடியாதவுக போன்ல பாக்கட்டும்." எழுபது வயசுக்காரர், போனில் பிணம் பார்ப்பதை ஏதோ பாட்டன் காலத்து வழக்கம் போலச் சொன்னார்.

பஞ்சவர்ணத்துக்கு நேற்றுச் சாயங்காலத்திலிருந்து கண்ணீர் வரவில்லை. அதற்குக் காரணம் துக்கம் மட்டுமில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

வீரணன் நேற்று குட்டியானை வண்டியில் நூல் லோடு ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போய் இறக்கிவிட்டு வந்தான். வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசல் கட்டிலில் உட்கார்ந்து, வழக்கம்போல மாரிக்கனிக்குப் போன் போட்டான். பஞ்சவர்ணம் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ விழுந்த சத்தம் கேட்டது. போனை நழுவவிட்டுத் தூங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் எழுந்து வந்தாள். போன் மண்ணில் குப்புறக் கிடந்தது. அதற்குள்ளிருந்து "அண்ணே, அண்ணே" என்று மாரிக்கனி கத்திக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

காலையிலிருந்து வருகிற பொம்பளைகள் எல்லோரும் இதையே பேசினார்கள். "கொடுத்து வச்சவ மாரிக்கனி. கண்ணு மூடுறப்ப தங்கச்சி மொகத்தப் பாத்துக்கிட்டேல்ல போயிருக்கான்." சொன்னவர்கள் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அது பஞ்சவர்ணத்தின் காதில் மிளகாய் அரைத்த கையோடு தடவின மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் சோறு போட்டவள் பத்தடி தூரத்தில் இருக்கிறாள். கடைசிப் பார்வை மட்டும் குவைத்துக்குப் போய்விட்டது. அதை இனி யார் திருப்பித் தரமுடியும்?

பொறாமை நேற்று முளைத்ததில்லை. அதற்கு ஒரு நாடகம் காரணம்.

வீரணன் மீசை முளைக்காத பையனாக இருந்த காலத்தில் ஊருக்கு ஒரே டிவி, பஞ்சாயத்துக் கட்டடத்தில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் என்றால் உட்கார இடம் கிடைக்காது. காலையில் இந்தியில் ஏதோ ஒரு வெளிநாட்டு நாடகம் போடுவார்கள். ஆகாயத்தில் ஒரு ராக்கெட் போய்க்கொண்டே இருக்கும், அதற்குள்ளேயே ஆட்கள் குடியிருப்பார்கள். ஒரு மண்ணும் விளங்காமல் எல்லோரும் எழுந்து ஆடு பத்தப் போய்விடுவார்கள். வீரணனும் மாரிக்கனியும் மட்டும் மிச்சம். இந்தி தெரியாததை அவர்கள் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. வாயசைவைப் பார்த்துத் தாங்களாகவே வசனம் போட்டுக்கொண்டார்கள். ராக்கெட்டுக்குத் தலைவி ஒரு கருத்த பொம்பளை. ஆம்பளைகள் அவளிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்பார்கள். "நம்ம கலருண்ணே" என்று மாரிக்கனிக்குப் பெருமை பிடிபடாது. ஊர் அதற்கு ராக்கெட்டு நாடகம் என்று பேர் வைத்தது. அந்த இரண்டும் கிறுக்குப் பிடித்தவை என்றும் சொன்னது.

பஞ்சவர்ணம் பாளையம்பட்டிக்காரி. அவள் வீட்டில் சொந்தமாக டிவி இருந்தது. இருந்து என்ன, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். அவள் அந்த நாடகத்தின் ஒரு வாரத்தைக்கூடப் பார்த்ததில்லை.

கல்யாணமான பிறகுதான் தெரிந்தது, நாடகம் முடிந்துபோயும் முடியவில்லை என்று. அதில் வந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நிஜத்தில் வர ஆரம்பித்தது. மதுரையில் ஒரு நகைக்கடைக் கண்ணாடிக் கதவு தானாக விலகியபோது, பஞ்சவர்ணத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தங்கச்சிக்குப் போன் போட்டான். "ஏத்தா, கதவு வந்துருச்சு." கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே ஒன்றை நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள். "ஏத்தா, டாக்டரம்மா துப்பாக்கி வந்துருச்சு." திருச்சுழி தாலுகா ஆபீசுக்கு ஒரு பெண் தாசில்தாராக வந்து இறங்கிய அன்று ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டான். "ஏத்தா, நம்ம தலைவி வந்துருச்சு. ஜீப்புலதான் வருது, ராக்கெட்டு இல்ல." அந்தப் பக்கம் மாரிக்கனி சிரிக்கிற சிரிப்பு வண்டி முழுக்கக் கேட்கும். பக்கத்து சீட்டில் பஞ்சவர்ணம் ஜன்னல் வழியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

கட்டியவன் விட்டுப் போனபின் மாரிக்கனி வெளிநாடு போகிறேன் என்றபோது சொந்தபந்தம் மொத்தமும் குறுக்கே விழுந்தது. வீரணன் ஒருவன்தான் அசையவில்லை. "ராக்கெட்டையே ஒரு பொம்பள ஓட்டுறா. எந்தங்கச்சி பிளேன்ல ஏறுனா என்ன கொறஞ்சு போகும்" என்றான். அதே வாய்தான், மகளிர் குழுவோடு மதுரைக்குப் போய்வருகிறேன் என்று பஞ்சவர்ணம் கேட்டபோது, "தனியா எங்க போய் அல்லாடப் போற? நானே கூட்டிட்டுப் போறேன்" என்றது. கூட்டிப்போனது அந்த ஒரே ஒரு நகைக்கடைக்குத்தான். தங்கச்சிக்கு ஆகாயம், பொண்டாட்டிக்குக் குட்டியானையில் முன் சீட்டு.

ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டாள், அப்படி என்னதான் இருந்தது அந்த நாடகத்தில் என்று. "அது பாத்தவுகளுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தான். அப்புறம் அவள் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குமேல் ஒப்பாரி கூடியது. மாரிக்கனிக்கு நல்ல குரல். நெல்லுக்குள்ளிருந்து அவள் எடுத்துக்கொடுக்க, சுற்றி உட்கார்ந்தவர்கள் வாங்கிப் பாடினார்கள். குவைத்திலிருந்து குரல் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. அதனால் ஒவ்வொரு அடியிலும் அத்தனை பொம்பளைகளும் வாயைத் திறந்தபடி போனைப் பார்த்துக் காத்திருந்தார்கள். யாரோ ஒருத்தி பஞ்சவர்ணத்தின் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதிரு தாயி, அடக்காத" என்றாள். யாருடைய பாட்டுக்கு அழுவது? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பாடையைத் தூக்கும் நேரத்தில் போன் உக்கிரபாண்டியின் கைக்குப் போனது. அருண்பாண்டியன் கொள்ளிச்சட்டி தூக்கினான், மற்ற ஆம்பளைகளின் தோள் பாடைக்கு வேண்டியிருந்தது. துர்காதேவி அவரிடம், "தாத்தா, இப்பிடி நேராப் பிடிச்சுக்கிட்டே போங்க. அத்தை கொள்ளி வைக்கிற வரைக்கும் பாக்கணுமாம்" என்றாள். அவர் சாமி படம் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பிள்ளையார் கோவில் முக்கில் பாடை நின்றது. பொம்பளைகள் சுற்றிவந்து விழுந்து கும்பிட்டார்கள். அந்த ஊரில் அதற்கு மேல் அவர்கள் போகிற வழக்கமில்லை. திரும்பிப் போய் வீட்டைக் கழுவிவிட்டுக் குளிக்க வேண்டியதுதான்.

"பொம்பளையாளுக இதோட நின்னுக்கங்க" என்றார் உக்கிரபாண்டி. சொல்லிவிட்டு நடக்கத் திரும்பினார். அவர் நெஞ்சில் மாரிக்கனியின் முகம் இருந்தது.

பஞ்சவர்ணம் நின்ற இடத்திலிருந்து அதைப் பார்த்தாள்.

"மாமா, கையில என்ன?"

அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். "போனு, தாயி."

"போனுக்குள்ள?"

"மாரிக்கனி."

"அவ எங்க வாரா?"

"அண்ணன் கொள்ளியப் பாக்கணும்னு கேக்குது. பாவம், எட்டாத தூரத்துல கெடக்கு."

"பொம்பளையாளுக இந்த முக்கத் தாண்டக் கூடாதுன்னு இப்பத்தான சொன்னீக."

"அது நேர்ல வரலையே. போன்லதான வருது."

"பாக்குற கண்ணு அவளுதுதான மாமா. கொடத்த ஒடைக்கிற சத்தம் கேக்குற காது அவளுதுதான. அவ வரலாம்னா நானும் வாரேன். நான் வரக் கூடாதுன்னா அவளையும் இங்கனயே எறக்கி விட்டுட்டுப் போங்க."

கொட்டுச் சத்தம் நின்றது. பாடை தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். பின்னாளில் ஊரில் இதைப் பலவிதமாகப் பேசினார்கள். தைரியக்காரி என்றார்கள், காலம் மாறிப்போச்சு என்றார்கள், அவளைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டுப் பொம்பளைகள் சுடுகாடு வரை போனார்கள். பஞ்சவர்ணத்துக்கு அப்போது காலமும் தெரியாது, மாற்றமும் தெரியாது. அவளுக்கு இருந்தது சுத்தமான பொறாமை. கடைசிப் பார்வையைப் பறிகொடுத்தாயிற்று, கடைசி நெருப்பையுமா அவளுக்குக் கொடுப்பது?

உக்கிரபாண்டி போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சொன்ன முறையில் எங்கேயோ ஓட்டை விழுந்துவிட்டது, அது எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"சித்தப்பா, மதினி வரட்டும்" என்றது போன். "ராக்கெட்டுல எல்லாரும் சேந்துதான் வழியனுப்புவாக. பொம்பளையாளுகன்னு ஒதுக்கி நிறுத்த மாட்டாக."

"எந்த ராக்கெட்டு?"

"நீங்க நடங்க, சித்தப்பா."

அவளுடைய சிபாரிசு பஞ்சவர்ணத்துக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. உக்கிரபாண்டி வானத்தைப் பார்த்தார். சனி பிறப்பதற்குள் காரியம் முடியவேண்டும். "பொழுது போகுது. வாரதுன்னா வா தாயி. செருப்பக் கழட்டிட்டு வா" என்றார். அவள் செருப்பே போட்டிருக்கவில்லை.

சுடுகாடு கண்மாய்க்கரைக்கு அடியில் இருந்தது. கண்மாயில் தண்ணீர் கிடையாது, சீமைக்கருவேலம்தான் நிறைந்திருந்தது. விறகும் எருவாட்டியும் அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண் குழைத்து மூட்டம் போடுகிற வேலை நடந்தது. உக்கிரபாண்டிக்கு அங்கே ஆயிரம் சொல்ல வேண்டியிருந்தது. "இந்தா தாயி, இதப் பிடி. கை கடுக்குது" என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பஞ்சவர்ணம் அதை வாங்கித் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

"மதினி, மண்ணுதான் தெரியுது."

அவள் தூக்கினாள். அவளும் மாரிக்கனியும் முகத்துக்கு முகம் பார்ப்பது நேற்றிலிருந்து இதுதான் முதல். மூட்டம் போட்டு முடிய நேரமாகும் போலிருந்தது. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். வாய் கேட்கவில்லை.

"ஒம் மொகத்தப் பாத்துக்கிட்டே போயிட்டாகன்னு ஊரே சொல்லுது. நல்லாருக்குல்ல ஒனக்கு."

போனில் தொடர்பு போய்விட்டதோ என்று பஞ்சவர்ணம் ஆட்டிப் பார்த்தாள்.

"எம் மொகத்தப் பாக்கல, மதினி."

"பின்ன?"

"அண்ணன் போனத் திருப்பிப் பிடிச்சிருச்சு. எனக்குத் தெரிஞ்சது நீங்கதான். கொழாயடியில குத்தவச்சுப் பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்தீக."

"சும்மா எனக்காகச் சொல்லாத."

"ஒங்களுக்குப் பரிஞ்சு பொய் சொல்லணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" மாரிக்கனியின் குரலில் பழைய வெடுக்கு வந்தது. "அந்த நாடகத்துல ஒரு வாரம் ஒரு ஆளு சாகக் கெடப்பான். கண்ணாடிச் சொவத்துல ஒரு பொம்பள மொகம் தூரத்துல இருந்து வந்து அவன்கிட்டப் பேசும். அது அவன் தங்கச்சின்னு நான் சொன்னேன். பொண்டாட்டின்னு அண்ணன் சொல்லுச்சு. இந்தியில பேசுனதுல எங்களுக்கு என்னத்தத் தெரியும்? அப்பருந்து இந்தச் சண்ட ஓயல. நேத்தும் அதையேதான் இழுத்துச்சு. பொண்டாட்டின்னா பக்கத்துலல்ல இருக்கணும், எதுக்குக் கண்ணாடியில வாரான்னு மடக்குனேன். 'பக்கத்துல இருக்குறவள நான் காட்டுறேன் பாரு'ன்னு போனத் திருப்புச்சு. அம்புட்டுத்தான். கொஞ்ச நேரம் நீங்களே தெரிஞ்சீக. அப்புறம் வானம் தெரிஞ்சுச்சு, அப்புறம் இருட்டாப் போச்சு."

பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லத் தோணல. எனக்குக் காந்தல் இருக்காதா? அந்தச் சண்ட ஆரம்பிக்கும்போது அண்ணனுக்குக் கலியாணம்கூட ஆகல. அப்பவே பொண்டாட்டின்னு அடிச்சுச் சொல்லுச்சு. நீங்க யாருன்னே தெரியாதப்பருந்து எனக்கு ஒங்க மேல பொறாம, மதினி."

கருவேல நிழல் நீண்டு மூட்டத்தின் மேல் விழுந்திருந்தது. முகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் மண்ணால் மூடிவிட்டார்கள்.

"நான் அப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்?"

"சொன்னேன்ல, பாத்திரம் தேச்சீக. தேச்சுக்கிட்டே திட்டுனீக."

"யார?"

"அண்ணனத்தான். 'வந்ததும் வராததுமா அவகூடவே குடும்பம் நடத்துங்க'ன்னு. அதக் கேட்டு அண்ணன் சிரிச்சுச்சு. எனக்குச் சத்தம் கேட்டுச்சு."

அழுகை அப்போதுதான் வந்தது. வந்த அழுகைக்குப் பாட்டும் இல்லை, ராகமும் இல்லை. ஆம்பளைகள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அருண்பாண்டியன் தண்ணீர்க் குடத்தோடு சுற்றி வந்தான், குடம் உடைந்தது, புறங்கையால் கொள்ளி வைத்தான். அத்தனை நேரமும் பஞ்சவர்ணம் போனை மூட்டத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். இன்னொரு கையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டாள்.

"கொள்ளி வச்சாச்சு. யாரும் திரும்பிப் பாக்காம நடங்க" என்றார் உக்கிரபாண்டி. பஞ்சவர்ணத்தைப் பார்த்து, "ஒனக்கும்தான் தாயி" என்றார்.

அவள் மகனுக்குப் பின்னால் கரையேறினாள். போன் முகத்துக்கு நேரே இருந்தது. மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் அவள் முகமும் அவளுக்குப் பின்னால் இருப்பதும் தெரியும் என்பதால், அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

"இன்னும் தெரியுதா?"

"தெரியுது மதினி. பொகை கெளம்பிருச்சு."

"எப்பிடிப் போகுது?"

"காத்து இல்ல போல. நேரா மேல போகுது." கொஞ்சம் பொறுத்து, "ஒங்க தோளு மறைக்குது" என்றாள் மாரிக்கனி.

பஞ்சவர்ணம் இடது தோளைத் தாழ்த்திக்கொண்டு நடந்தாள்.